அயர்லாந்தின் கைத்தொழிற் பாடசாலைகளும் பொறுப்புக்கூறற் பிரச்சினையும் (1868–2009)

பொதுக் கல்வி முறைக்குப் புறத்தே வைக்கப்பட்ட பிள்ளைகளுக்கென அமைந்த பாடசாலைகள், கல்வி வரலாற்று நூல்களில் அடிக்குறிப்பளவு இடத்தையே பெற்றுள்ளன. வறியோர், அநாதைகள், வீதியில் திரிந்தோர், பாடசாலைக்கு ஒழுங்காகச் செல்லாதோர், சிறு குற்றம் புரிந்தோர் எனப் பல பெயர்களால் அழைக்கப்பட்ட இப்பிள்ளைகளுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் தனியான நிறுவனங்கள் உருவாக்கப்பட்டன. இன்று ‘இடருக்குட்பட்ட மாணவர்’ என்றும் ‘மாற்றுப் பாடசாலை’ என்றும் வழங்கும் தொடர்களின் முன்வரலாறு இந்நிறுவனங்களிலேயே தொடங்குகின்றது.

சாதாரண பாடசாலையொன்று தன் பணியைச் செவ்வனே செய்கின்றதா என்பதை அறியப் பல வழிகள் உள. பிள்ளை மாலையில் வீடு திரும்புகின்றது. கற்றதையும் பட்டதையும் வீட்டாரிடம் சொல்கின்றது. பெற்றோர் தலைமையாசிரியரிடம் சென்று வினவலாம். பரீட்சைப் பெறுபேறு வெளியாகின்றது, ஊரும் பார்த்துக்கொண்டிருக்கின்றது. மேற்கூறிய பாடசாலைகளிலோ இவ்வழிகளுட் பெரும்பாலானவை அடைபட்டிருந்தன. ஆகவே அங்கு பொறுப்புக்கூறல் என்பது முற்றிலும் அரசின் ஏற்பாட்டிலேயே தங்கியிருந்தது. அவ்வேற்பாடு எதனை அளந்தது, யாருக்காக அளந்தது என்பதையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

இதற்கு அயர்லாந்தை நாம் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டு வெளியான நீதிபதி ஷோன் றையன் தலைமையிலான ஆணைக்குழுவின் அறிக்கை, பல தசாப்தங்களாக மூடிக்கிடந்த திணைக்களக் கோவைகளையும் சமயச் சபைகளின் ஏடுகளையும் முன்னாள் மாணவரின் சாட்சியங்களுடன் ஒப்புநோக்கியது. கண்காணிப்பு முறையொன்று ஏட்டில் எவ்வாறு இருந்தது, நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்பதை இவ்வளவு விரிவாக அறியும் வாய்ப்பு வரலாற்றாசிரியருக்கு அரிதாகவே கிட்டுகின்றது.

1. தோற்றமும் அடிப்படை ஏற்பாடும்

கைத்தொழிற் புரட்சியினால் பெருகிய நகர வறுமையின் எதிரொலியாகவே இங்கிலாந்தில் இப்பாடசாலைகள் தோன்றின. பிரிஸ்டலைச் சேர்ந்த மேரி கார்ப்பென்ரர், குற்றமிழைத்த சிறுவரைச் சிறைக்கு அனுப்புவதை எதிர்த்து 1851இல் நூலொன்றை வெளியிட்டார். அத்தகையோரின் இயக்கத்தின் பயனாக 1854இல் சீர்திருத்தப் பாடசாலைகளுக்கும் 1857இல் கைத்தொழிற் பாடசாலைகளுக்குமான சட்டங்கள் நிறைவேறின. முன்னையவை குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்ட சிறுவருக்குரியவை. பின்னையவை குற்றம் புரியக்கூடும் எனக் கருதப்பட்ட வறிய சிறுவருக்குரியவை. செய்த குற்றத்திற்காக அன்றிச் செய்யக்கூடும் என்ற ஐயத்திற்காகவே ஒரு பிள்ளையை ஆண்டுக்கணக்கில் அடைத்துவைக்க இரண்டாவது சட்டம் வழிசெய்தது என்பது கவனத்திற்குரியது.

அயர்லாந்தில் சீர்திருத்தப் பாடசாலைச் சட்டம் 1858இலும், கைத்தொழிற் பாடசாலைச் சட்டம் 1868இலும் வந்தன. 1840களின் பெரும் பஞ்சத்தினால் குலைந்திருந்த அச்சமூகத்தில் ஆதரவற்ற பிள்ளைகள் ஏராளம். அப்பிள்ளைகளைப் புரட்டஸ்தாந்தர் தம் சமயத்திற்கு ஈர்த்துவிடுவர் என்ற அச்சம் கத்தோலிக்கரிடையே வலுவாக இருந்தது. எனவே, ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தவர் நடத்தும் பாடசாலைக்கே அனுப்பப்படவேண்டும் என்பது ஏற்பாட்டின் உயிர்நிலை ஆயிற்று. பாடசாலையை அமைப்பதும் நடத்துவதும் சமயச் சபைகளின் பொறுப்பு. அதற்குச் சான்றிதழ் வழங்குவதும், பிள்ளைகளை நீதிமன்றின் வழியே அனுப்புவதும், பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு எனத் தலைவரி நன்கொடை கொடுப்பதும், வித்தியாதரிசியை அனுப்பி மேற்பார்வை செய்வதும் அரசின் பொறுப்பு.

இவ்வேற்பாடு இருசாராருக்கும் இலாபகரமானது. அரசு தான் கட்டவேண்டிய கட்டடங்களையும் கொடுக்கவேண்டிய சம்பளங்களையும் மிச்சப்படுத்திக்கொண்டது. சபைகளோ வறிய மக்களின் பிள்ளைகள்மீது மிகப் பரந்த அதிகாரத்தைப் பெற்றன. 1898ஆம் ஆண்டளவில் இம்முறை அதன் உச்சத்தை எட்டியபோது 71 பாடசாலைகளில் ஏறத்தாழ 8,000 பிள்ளைகள் இருந்தனர். டப்ளின் நகருக்கு அண்மையில் கிறிஸ்தவ சகோதரர் சபையினர் 1870இல் திறந்த ஆர்ட்டேன் பாடசாலை ஒன்றே 800க்கும் மேற்பட்ட சிறுவருக்கு இடமளிக்கத்தக்கதாக இருந்தது.

2. தலைக்கணக்கு

பொறுப்புக்கூறலை ஆராய்வோர் முதலில் நோக்கவேண்டியது பணம் எந்த அளவுகோலின்படி கொடுக்கப்பட்டது என்பதையாகும். இதனை விளங்கிக்கொள்ள அதே காலத்து அயர்லாந்தின் சாதாரண ஆரம்பப் பாடசாலைகளோடு ஒப்பிடுதல் பயனுடையது. பவிஸ் ஆணைக்குழுவின் 1870ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1872 முதல் அங்கு ‘பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு’ முறை நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் றொபேட் லோ 1862இல் புகுத்திய முறையின் வழிவந்தது இது. வித்தியாதரிசி ஆண்டுக்கொருமுறை வந்து வாசிப்பு, எழுத்து, எண் முதலியவற்றில் மாணவரைச் சோதிப்பார். சித்தியடைந்தோரின் தொகைக்கேற்ப ஆசிரியரின் வருமானம் ஏறும் அல்லது இறங்கும். இம்முறை ஆசிரியரை மனனக் கல்விக்குத் தள்ளியது. கவிஞரும் வித்தியாதரிசியுமான மத்தியூ ஆர்னல்ட் இதனை இங்கிலாந்தில் கடுமையாகக் கண்டித்தமை பலரும் அறிந்ததே. இலங்கையிலும் மோகன் குழுவின் அறிக்கையை அடுத்து 1869இல் பொதுப் போதனாத் திணைக்களம் நிறுவப்பட்டபின், உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் இதே முறையின் கீழ்க் கொண்டுவரப்பட்டன.

கைத்தொழிற் பாடசாலைகளில் அளவுகோல் வேறு. அங்கு கணக்கிடப்பட்டது பிள்ளையின் கல்வி அன்று, பிள்ளையின் இருப்பே. பதிவேட்டிற் பெயர் உள்ளவரை பணம் வரும். பெயர் நீங்கியதும் பணம் நிற்கும். பெறுபேற்று முறை பிள்ளையைப் பரீட்சைப் பொருளாக்கியது என்றால், தலைக்கணக்கு முறை அதனை வருவாய் மூலமாக்கியது எனலாம். இதன் விளைவுகள் மூன்று.

முதலாவது, இடங்களை நிரப்பிவைத்தல் பாடசாலையின் பொருளாதாரத் தேவையாயிற்று. பெரும் கட்டடங்களை எழுப்பிய சபைகளுக்குக் குறைந்த தொகைப் பிள்ளைகள் நட்டத்தையே தரும். இரண்டாவது, ஒருமுறை அனுப்பப்பட்ட பிள்ளை பொதுவாகப் பதினாறு வயதுவரை அங்கேயே வைக்கப்பட்டது. குடும்பத்தின் நிலை சீர்பெற்றாலும் பிள்ளையை விடுவிப்பதில் எவருக்கும் நிதிசார் ஊக்கம் இருக்கவில்லை. மூன்றாவது, கொடுக்கப்பட்ட தொகை போதாதவிடத்து அதனைப் பிள்ளைகளின் உழைப்பே ஈடுசெய்தது. தையல், சப்பாத்துத் தைத்தல், கமத்தொழில், சலவை என்பன ‘தொழிற்பயிற்சி’ என்ற பெயரைப் பெற்றன. எனினும் அவை பெரிதும் நிறுவனத்தின் தேவைகளையே நிறைவுசெய்தன என்பதும், வெளியுலகில் பிழைப்புக்கு உதவும் திறனாகப் பலருக்கு அமையவில்லை என்பதும் பின்னைய விசாரணையிற் புலனாயின.

இப்பாடசாலைகளில் இருந்தோர் யார்? பெரும்பான்மையோர் குற்றவாளிகள் அல்லர். தகுந்த பாதுகாவலர் இல்லாமை, பிச்சையெடுத்தல், வறுமை, பெற்றோருள் ஒருவரின் மரணம், தாய் மணமாகாதவளாயிருத்தல் ஆகியனவே அவர்கள் அனுப்பப்பட்டதற்கான காரணங்கள். 1926ஆம் ஆண்டின் பாடசாலை வரவுச் சட்டத்தின் பின் ஒழுங்கான வரவின்மையும் ஒரு காரணமாயிற்று. குடும்பத்தை நடத்தப் போதிய உதவி தாய்க்கு வழங்கப்பட்டிருப்பின் இப்பிள்ளைகளுட் பலர் வீட்டிலேயே வளர்ந்திருப்பர். பிள்ளையை வீட்டில் வைத்துக் காக்க மறுத்த அரசு, அதே பிள்ளையை நிறுவனத்தில் வைத்துக் காக்கப் பணம் கொடுத்தது. இம்முரண்பாட்டின் வர்க்கத் தன்மையை விளக்கவேண்டியதில்லை.

1922இல் சுதந்திர அரசு தோன்றியபோது இந்நிலை மாறியிருக்கலாம், மாறவில்லை. 1924இல் பொறுப்பேற்ற கல்வித் திணைக்களமே, இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய அனைத்திலும் உள்ள கைத்தொழிற் பாடசாலைப் பிள்ளைகளின் மொத்தத் தொகையிலும் பார்க்கத் தன் ஆட்சிப்பரப்பில் உள்ள தொகை அதிகம் என்பதை எடுத்துக்காட்டியது. இங்கிலாந்தில் இப்பாடசாலைகள் சுருங்கி, 1933ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அங்கீகரிக்கப்பட்ட பாடசாலைகளாக மாற்றப்பட்டன. அயர்லாந்திலோ அந்நிய ஆட்சி விட்டுச்சென்ற சட்டத்தைத் தேசிய அரசு அரை நூற்றாண்டுக்குப் பேணிக் காத்தது. கொடி மாறியபோதும் கணக்கேடு மாறவில்லை.

3. ஏட்டில் இருந்த கண்காணிப்பு

சட்டம் இல்லாமையினாலேயே தீமை நிகழ்ந்தது என்று கருதுவது தவறாகும். 1908ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், சான்றிதழ் பெற்ற பாடசாலை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறையாயினும் பரிசோதிக்கப்படல் வேண்டும் என விதித்தது. 1933இல் வந்த விதிகள் உணவு, உடை, கல்வி, தண்டனை ஆகியவற்றை வரையறுத்தன. தண்டனைகள் யாவும் தனியான புத்தகமொன்றிற் பதியப்படல் வேண்டும் என்றும், அது பரிசோதகருக்குக் காட்டப்படல் வேண்டும் என்றும் கூறின. உடற்றண்டனை இறுதி வழியாக மட்டுமே அமையவேண்டும் எனத் திணைக்களம் 1946இல் சுற்றறிக்கை அனுப்பியது. 1934இல் நியமிக்கப்பட்ட கசன் ஆணைக்குழு 1936இல் பல சீர்திருத்தங்களை விதந்துரைத்தது. ஆயினும் முறையின் அடித்தளத்தை அது ஏற்றுக்கொண்டது.

1939இல் வைத்திய பரிசோதகராக நியமிக்கப்பட்ட டொக்டர் அனா மக்கேப் 1965 வரை அப்பதவியில் இருந்தார். அவருடைய பணி நுணுகி நோக்கத்தக்கது. 1940களில் பல பாடசாலைகளில் பிள்ளைகள் போதிய உணவின்றி இருப்பதை அவர் கண்டார், எழுதினார், வற்புறுத்தினார். நன்கொடைத் தொகை உயர்த்தப்பட்டது. உணவு நிலையும் ஓரளவு சீர்பெற்றது. ஆகவே பரிசோதனை முற்றிலும் பயனற்றது எனக் கூறுதல் நேர்மையன்று. அளக்கக்கூடிய ஒன்றை அளந்து, அதனைத் திருத்தவேண்டும் என ஒருவர் விடாது கேட்டவிடத்துத் திருத்தம் நிகழ்ந்தது.

ஆனால் அவர் கண்டது பிள்ளையின் உடலையே. நிறையையும் படுக்கையையும் சமையலறையையும் பரிசோதகர் பார்த்தார். அச்சத்தை அளப்பதற்கு அவரிடம் கருவி இருக்கவில்லை. றையன் ஆணைக்குழு இப்பரிசோதனை முறையின் குறைகளைத் தெளிவாக வகுத்துக் காட்டியுள்ளது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களைப் பரிசோதிக்கும் பொறுப்பு ஒருவர்மீதே சுமத்தப்பட்டிருந்தது. பரிசோதகர் திணைக்களத்தினின்றும் சுதந்திரமானவர் அல்லர். மாற்றத்தை வற்புறுத்தும் அதிகாரமும் அவருக்கு இருக்கவில்லை. எல்லாப் பாடசாலைகளுக்கும் பொதுவான புறவய அளவுகோல்கள் வகுக்கப்படவில்லை. பரிசோதகரின் வருகை முற்கூட்டியே முகாமையாளருக்கு அறிவிக்கப்பட்டது. தண்டனைப் புத்தகம் பேணப்படுகின்றதா என்பது உறுதிசெய்யப்படவில்லை. பரிசோதகர் பிள்ளைகளுடன் உரையாடியமை மிக அரிது.

இவற்றுள் இறுதியானதே ஏனைய யாவற்றுக்கும் அடிப்படை எனக் கருதுகின்றோம். முகாமையாளர் எழுதினார், பரிசோதகர் வாசித்தார், திணைக்களம் கோவையிட்டது. எவரைப் பற்றிக் கணக்குக் கேட்கப்பட்டதோ அவருடைய வாய்மொழி அக்கணக்கில் ஓரிடத்திலும் இடம்பெறவில்லை. சமயச் சபைகளின்பால் திணைக்களம் கொண்டிருந்த பணிவும் விட்டுக்கொடுப்பும் அதன் சட்டக் கடமையையே குறைவுபடுத்தின என்பது ஆணைக்குழுவின் முடிபு. சான்றிதழை மீளப்பெறும் அதிகாரம் அரசிடம் இருந்தது. எனினும் பாடசாலைகளை மூடினால் பிள்ளைகளை வைக்க வேறிடம் இல்லை என்பதை அரசும் அறியும், சபைகளும் அறியும். கணக்குக் கேட்பவர் கொடுப்பவரில் தங்கியிருக்கும் நிலையில் கேள்வி வலுவிழத்தல் இயல்பே.

4. மூன்று சந்தர்ப்பங்கள்

இம்முறை வெளியுலகின் முன் கணக்குக் காட்டவேண்டிய சந்தர்ப்பங்கள் இடையிடையே ஏற்பட்டன. அவற்றுள் மூன்றினை இங்கு எடுத்துக்கொள்வோம்.

1943ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி இரவு, கவன் நகரில் கிளாரா சபைக் கன்னியர் நடத்திய புனித சூசையப்பர் அநாதைச் சாலையில் தீ மூண்டது. கைத்தொழிற் பாடசாலையாகச் சான்றிதழ் பெற்றிருந்த அவ்விடத்தில் 35 சிறுமியரும் முதிய பெண் ஒருவரும் மாண்டனர். அரசு விசாரணைக் குழுவொன்றை நியமித்தது. தீயணைக்கும் பயிற்சி இன்மை, இடப்பட்ட பிழையான பணிப்புகள், நகரின் தீயணைப்பு வசதிக் குறைவு என்பன சுட்டப்பட்டன. ஆனால் அத்தகைய கட்டடத்தில் அத்தனை பிள்ளைகள் உறங்குவதை ஆண்டுதோறும் ஏற்றுக்கொண்டுவந்த முறைமையே குற்றக்கூண்டில் ஏற்றப்படவில்லை. விசாரணை ஒரு விபத்தை ஆராய்ந்ததேயன்றி ஒரு பொறுப்பை ஆராயவில்லை.

1946இல், அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்தில் ‘சிறுவர் நகர்’ என்னும் புகழ்பெற்ற இல்லத்தை நிறுவியவரும் அயர்லாந்திற் பிறந்தவருமான எட்வேட் பிளனகன் அடிகளார் தாய்நாட்டுக்கு வந்தார். அங்குள்ள சீர்திருத்த நிறுவனங்களையும் அவற்றில் வழங்கிய தண்டனைகளையும் அவர் பகிரங்கமாகக் கண்டித்தார். கத்தோலிக்கத் துறவி ஒருவரே கூறிய இக்கண்டனத்தை நீதியமைச்சர் ஜெரால்ட் போலண்ட் பாராளுமன்றத்தில் மிகைப்படக் கூறியதெனத் தள்ளிவிட்டார். அடிகளார் 1948இல் காலமானார். அவருடன் அவர் எழுப்பிய வினாவும் மறக்கப்பட்டது.

1954 ஏப்ரிலில், ஆர்ட்டேன் பாடசாலையில் சகோதரர் ஒருவரின் தாக்குதலினால் சிறுவன் ஒருவனின் கை முறிந்த செய்தியைப் பாராளுமன்ற உறுப்பினர் பெடர் கவன் சபையில் எழுப்பினார். கல்வியமைச்சர் ஷோன் மொயிலன் சம்பவத்தை மறுக்கவில்லை. ஆயின் அது தனித்த நிகழ்ச்சி எனவும் மீண்டும் நிகழாது எனவும் உறுதி கூறினார். அமைச்சர் அவ்வாறு கூறுவதற்குத் தேவையான தரவு அவரிடம் இருந்ததா என்பதே இங்கு கேட்கவேண்டிய கேள்வி. தண்டனைப் புத்தகங்கள் ஒழுங்காகப் பேணப்படாத ஒரு முறைமையில் ஒரு நிகழ்ச்சி தனித்ததா, நூற்றில் ஒன்றா என்பதை எவ்வாறு அறிவது? பதிவின்மையே குற்றமின்மைக்குச் சான்றாக்கப்பட்டது.

பத்திரிகை, பாராளுமன்றம், விசாரணைக் குழு ஆகிய ஜனநாயக நிறுவனங்கள் யாவும் இருந்தும் அவை பயன்தராமற் போனதை இம்மூன்று சந்தர்ப்பங்களும் காட்டுகின்றன. முன்னாள் மாணவரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. மேற்குக் கரையில், கொன்னமாரா பிரதேசத்தில் இருந்த லெற்றர்பிராக் பாடசாலைக்கு 1924இல் எட்டு வயதில் அனுப்பப்பட்டவர் பீற்றர் ரிறெல். தாம் அனுபவித்த கொடுமைகளை அவர் 1950களில் சபைத் தலைவர்களுக்கு எழுதினார். பின்னர் செனற்றர் ஓவன் ஷீஹி ஸ்கெபிங்ரனின் தூண்டுதலினால் தம் வரலாற்றையும் எழுதினார். கேட்பார் இல்லை. 1967இல் இலண்டனில் ஹம்ஸ்ரெட் வெளியில் அவர் தீக்குளித்து இறந்தார். இறந்தவர் யார் என்பதை அறியவே ஏறத்தாழ ஓராண்டு சென்றது. அவருடைய கையெழுத்துப்பிரதி 2006இலேயே நூலாக வந்தது.

5. முறைமையின் வீழ்ச்சி

இப்பாடசாலைகள் மூடப்பட்டது கண்காணிப்பின் வெற்றியினால் அன்று. பிள்ளைகளின் தொகை குறைந்தமையினாலேயே. 1952இல் சட்டபூர்வமான மகவேற்பு முறை வந்தது. குடும்ப உதவிகள் படிப்படியாக விரிந்தன. 1967இல் இலவச இடைநிலைக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தலைக்கணக்கில் வாழ்ந்த முறைமை தலைகள் குறைந்ததும் தளர்ந்தது. ஆர்ட்டேன் 1969இல் மூடப்பட்டது, லெற்றர்பிராக் 1974இல்.

இதே காலத்தில் ‘துவாரிம்’ என்னும் சிந்தனையாளர் சங்கம் 1966இல் இப்பிள்ளைகள் பற்றிச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டது. 1967இல் அமைக்கப்பட்ட ஐலீன் கென்னடி குழு 1970இல் தன் அறிக்கையில் நிறுவன முறையைக் கைவிடவேண்டும் எனவும், தலைவரி நன்கொடைக்குப் பதிலாகத் தேவைக்கேற்ற வரவுசெலவுத் திட்டம் வேண்டும் எனவும் விதந்துரைத்தது. முற்போக்கான இவ்வறிக்கைக்கும் ஓர் எல்லை இருந்தது. டாங்கின் சீர்திருத்தப் பாடசாலையில் சிறுவர் ஆடை களையப்பட்டு அடிக்கப்படுவதைக் குழுவினர் நேரில் அறிந்துகொண்டனர்; வெளியிட்ட அறிக்கையிலோ அது இடம்பெறவில்லை. பாடசாலைகளை மூடச் சொல்வது அக்காலத்தில் இயன்றது. அங்கு நிகழ்ந்ததைச் சொல்வது இயலாதிருந்தது.

6. சாட்சிகளின் வருகை

உண்மையான கணக்கு முன்னாள் மாணவர் பேசத் தொடங்கியபோதே ஆரம்பமாயிற்று. 1999இல் மேரி ராப்ரரி தயாரித்த ‘அச்சத்தின் நிலைகள்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் நாட்டை உலுக்கியது. அவ்வாண்டு மே 11ஆம் திகதி பிரதமர் பேர்ட்டி அஹேர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 2000இல் ஆணைக்குழு நிறுவப்பட்டது. அதன் முதற்றலைவரான நீதிபதி மேரி லபோய் 2003இல் விலகினார். நீதிபதி றையன் பொறுப்பேற்று 2009 மே 20ஆம் திகதி ஐந்து தொகுதிகளாக அறிக்கையை வெளியிட்டார். அதன் இரகசியக் குழுவின் முன் மட்டும் 1,090 பேர் சாட்சியமளித்தனர். உடல்வதையும் புறக்கணிப்பும் முறைமையின் இயல்பாகவே இருந்தன என்பதும், ஆண் பிள்ளைகளின் நிறுவனங்களிற் பாலியல் வதை பரவலாக வேரூன்றியிருந்தது என்பதும் நிறுவப்பட்டன.

இங்கும் கணக்கு முழுமையாகத் தீர்க்கப்படவில்லை. கிறிஸ்தவ சகோதரர் சபை தொடுத்த வழக்கின் பின்னணியில், குற்றஞ்சாட்டப்பட்டோரின் உண்மைப் பெயர்களை வெளியிடுவதில்லை என ஆணைக்குழு முடிவுசெய்தது. 2002இல் அரசு பதினெட்டுச் சபைகளுடன் செய்த உடன்படிக்கையின்படி, அவை 12 கோடியே 80 இலட்சம் யூரோ பெறுமதியான பணமும் சொத்தும் வழங்க, எஞ்சிய நட்டஈட்டுச் சுமையை அரசு ஏற்றது. நட்டஈட்டின் மொத்தச் செலவு அத்தொகையைப் பன்மடங்கு விஞ்சியது. இவ்வாறு, கடந்தகாலத்துக்கான கணக்கின் பெரும்பகுதியைப் பொதுமக்களே செலுத்தினர்.

7. எதிர்வாதங்கள்

இம்முறைமைக்காகப் பேசுவோர் கூறும் வாதங்களை ஆராயாது விடுதல் முறையன்று. அக்காலத்தின் ஒழுக்க அளவைகளைக்கொண்டே அக்காலத்தை மதிப்பிடவேண்டும் என்பது முதலாவது வாதம். இதனை நாம் ஏற்கின்றோம். ஏற்பதனாலேயே அவ்வாதம் வீழ்கின்றது. ஏனெனில் 1933இன் விதிகளும் 1946இன் சுற்றறிக்கையும் அக்காலத்தவரே வகுத்தவை. மீறப்பட்டவை இன்றைய அளவைகள் அல்ல, அன்றைய அளவைகளே.

அரசு கொடுத்த பணம் போதவில்லை என்பது இரண்டாவது. நன்கொடை பல காலம் குறைவாகவே இருந்தது உண்மை. உணவும் உடையும் குறைந்தமைக்கு வறுமை காரணமாகலாம். வதைக்கு வறுமை காரணமாகாது. அன்றியும் ஒரே நன்கொடையைப் பெற்ற பாடசாலைகளுக்கிடையே பெரும் வேறுபாடுகள் காணப்பட்டன.

அங்கு நல்லோரும் இருந்தனர் என்பது மூன்றாவது. இதனை மறுப்பாரில்லை; சாட்சியமளித்தோரே அன்புகாட்டிய சிலரை நன்றியுடன் நினைவுகூர்ந்தனர். ஆயினும் ஒரு பிள்ளையின் விதி, தற்செயலாக வாய்த்த நல்லவர் ஒருவரில் தங்கியிருக்குமாயின் அங்கு முறைமை இல்லை என்பதே பொருள். பொறுப்புக்கூறல் தேவைப்படுவது நல்லோர் இல்லாத இடத்துக்கும் நேரத்துக்குமாகவே.

முடிவுரை

இடருக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பாடசாலைகள் மறைந்துவிடவில்லை, மறையவும் கூடாது. பொதுப் பாடசாலையில் இடம் காணாத பிள்ளைக்கு வேறு வழி வேண்டும். அயர்லாந்தில் 1977 முதல் பிள்ளைகள் தம் வீட்டிலிருந்தே சென்றுவரும் சிறிய மாற்றுப் பாடசாலைகளும், 1980களின் இறுதியில் இருந்து பாடசாலையை இடைவிட்ட இளைஞருக்கான ‘யூத்ரீச்’ நிலையங்களும் இயங்கத் தொடங்கின. சிறுவருக்கான குறைகேள் அதிகாரி பதவி 2002ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உருவாக்கப்பட்டது. பிள்ளை தானே சென்று முறையிடக்கூடிய இத்தகைய இடம் முன்னைய நூறாண்டில் இருந்ததில்லை.

இத்தகைய பாடசாலைகளை எதனைக்கொண்டு அளப்பது என்ற விவாதம் இன்றும் பல நாடுகளில் நடைபெறுகின்றது. பரீட்சைப் பெறுபேற்றை மட்டும் அளந்தால், எளிதிற் சித்தியடையக்கூடிய பிள்ளையை ஏற்று ஏனையோரைத் தவிர்க்கும் போக்கு வளரும். வரவை மட்டும் அளந்தால், பிள்ளையைப் பிடித்துவைப்பதே நோக்கமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரு கொடுப்பனவு முறைகளும் இவ்விரு ஆபத்துகளையும் ஏற்கெனவே காட்டிவிட்டன. அளவுகோல்களைப் பெருக்குவது மட்டும் இதற்கு மாற்றாகாது. அறிவிக்காது வரும் சுதந்திரமான பரிசோதகர், பிள்ளையுடன் தனித்துப் பேசும் உரிமை, பேசிய பிள்ளைக்குப் பாதுகாப்பு, பாடசாலையை மூட நேர்ந்தாற் பிள்ளைக்கு மாற்றிடம் ஆகிய நான்கும் இல்லாதவிடத்து எந்த அளவுகோலும் முகாமையாளரின் கையெழுத்தாகவே முடியும்.

நமது நாட்டிலும் 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், பிரித்தானியச் சட்ட மரபின் வழியே அங்கீகரிக்கப்பட்ட பாடசாலைகளுக்கும் சான்றுபெற்ற பாடசாலைகளுக்கும் இடமளித்தது. அவற்றின் வரலாறு தமிழில் இன்னும் விரிவாக எழுதப்படவேண்டியுள்ளது. அதனை எழுதப் புகுவோர் நிருவாக அறிக்கைகளோடு நின்றுவிடலாகாது என்பதே அயர்லாந்தின் வரலாறு நமக்குத் தரும் ஆய்வுமுறைப் பாடமாகும். அறிக்கைகள் எழுதியவரின் உண்மையைக் கூறுவன. அங்கு வாழ்ந்து வெளியேறியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர்; அவர்கள் உள்ளபோதே அவர்களிடம் கேட்டறிதல் ஆய்வாளரின் கடமை.